இன்ஜின் நின்றபின் விமானியின் கண் எங்கே இருக்க வேண்டும்?

நடுவானில் இன்ஜின் நின்றுபோனால் விமானம் பொத்தென்று கீழே விழுந்துவிடும் என்றுதான் நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். சினிமாக்காரர்களும் அப்படியே காட்டிப் பழக்கிவிட்டார்கள். உண்மையில் விமானத்தைத் தாங்கிப் பிடிப்பவை இறக்கைகள். இறக்கைக்கு வேண்டியது வேகம். அந்த வேகத்தைக் கொடுப்பதுதான் இன்ஜினின் வேலை. இன்ஜின் நின்றாலும் வேகத்தைப் பெற இன்னொரு வழி உண்டு: கையில் இருக்கும் உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிப்பது. இறக்கத்தில் போகும் சைக்கிளை யாரும் மிதிப்பதில்லையே, அது மாதிரிதான். இதைத்தான் கிளைடு என்கிறார்கள்.

நான்கு பேர் உட்காரக்கூடிய செஸ்னா 172 விமானத்தை எடுத்துக்கொள்வோம். உலகிலேயே அதிக எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்ட விமானம் அதுதான். விமானம் ஓட்டப் பழகும் பலருக்கும் முதல் விமானம் அதுவே. அதன் ஒரே இன்ஜின் அடியோடு நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடலைப் பொறுத்து 65 முதல் 68 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 120 கிலோமீட்டர் சொச்சத்தில் பிடித்துக்கொண்டால், ஏறக்குறைய 9 அடி முன்னே போவதற்குள் 1 அடிதான் இறங்கும். 3,000 அடி உயரத்திலிருந்து காற்றில்லாத நாளில் சுமார் 8 கிலோமீட்டர் போகலாம். தரையைத் தொட நான்கு நிமிடம் போல ஆகும். வயல், மைதானம், ஆளில்லாத சாலை என்று ஏதாவது ஓர் இடத்தைத் தேடிப் பிடிக்க அது போதுமான நேரம்தான்.

விமானம் கட்டுக்குள் இருந்தபடியே ஒரு வயலில் இறங்கினால், சக்கரம் ஒடிந்தாலும் இறக்கை கிழிந்தாலும், உள்ளே இருப்பவர்கள் பிழைத்து வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. கட்டுப்பாடு இழந்து மூக்கு குத்தி விழுந்தால் அந்த வாய்ப்பு அநேகமாக இல்லை. ஒரே கோளாறு இப்படி இரண்டு விதமாக முடிவதற்குப் பெரும்பாலும் காரணம், அந்த நான்கு நிமிடத்தில் விமானியின் கவனம் எங்கே இருந்தது என்பதுதான். இன்ஜினை எப்படியாவது ஓடவைக்க வேண்டும் என்ற தவிப்பில் கண்ணும் கையும் அங்கேயே போய்விடுகின்றன. விமானத்தை ஓட்ட ஆள் இல்லாமல் போகிறது.

இறக்கை எப்போது கைவிடும்?

இதைப் புரிந்துகொள்ள ஸ்டால் என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். இறக்கையின் மேற்பரப்பை ஒட்டிக் காற்று வழுக்கிக்கொண்டு ஓடும்வரை அது விமானத்தைத் தாங்கும். எதிரே வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் உள்ள கோணம் ஓர் அளவைத் தாண்டினால், சாதாரணமாக 15 டிகிரியை ஒட்டி, காற்று மேற்பரப்பிலிருந்து பிய்ந்துகொண்டு சிதறும். தாங்கும் சக்தி சட்டென்று சரியும். இதுதான் ஸ்டால். ஒரு இறக்கை இன்னொன்றுக்கு முன்பாக ஸ்டால் ஆனால் விமானம் அந்தப் பக்கமாகக் கவிழ்ந்து சுழன்று விழும். அது ஸ்பின். உயரம் இருந்தால் இரண்டிலிருந்தும் மீண்டு வரலாம், பயிற்சியில் அதைச் சொல்லித்தருகிறார்கள். 500 அடியில் நடந்தால் மீளுவதற்கு இடமே இல்லை.

ஒழுங்காக டிரிம் செய்த, அதாவது கை வைக்காமலே ஒரே வேகத்தில் நிற்கும்படி சரிசெய்துவைத்த, விமானம் ஒன்றில் இன்ஜின் நின்றால், அது தானாகவே மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காத்துக்கொள்ளப் பார்க்கும். ஆள்தான் விடுவதில்லை. தரை மேலே மேலே வருவது போல் தெரிகிறது, கை தன்னையறியாமல் கண்ட்ரோலைப் பின்னுக்கு இழுக்கிறது, மூக்கு ஏறுகிறது, வேகம் குறைகிறது. விமானி அந்த நேரத்தில் வேகமானியைப் பார்த்துக்கொண்டிருந்தால் உடனே திருத்திவிடுவார். அவர் குனிந்து ஒரு திருகையோ சுவிட்சையோ தேடிக்கொண்டிருந்தால், ஸ்டால் எச்சரிக்கை ஊதுவதுகூடக் காதில் ஏறாது.

கிளம்பிய உடனே இன்ஜின் நிற்பதுதான் இதில் மிகவும் மோசம். செஸ்னா 172 மேலேறும்போது 75 நாட் சுமாரில்தான் போகும், மூக்கு தூக்கியிருக்கும். இன்ஜின் நின்ற சில விநாடிகளில் அந்த வேகம் கரைந்துவிடும். மூக்கை உடனே, தயங்காமல், கீழே தள்ள வேண்டும். தரை இவ்வளவு கிட்டத்தில் இருக்கும்போது அதை நோக்கியே மூக்கைத் தள்ளுவது உடம்புக்கு ஒப்பாத காரியம். அதனால்தான் பயிற்றுநர்கள் அதைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கிறார்கள். கிளம்பிய ஓடுபாதைக்கே திரும்பிவிடலாம் என்ற ஆசையும் அங்கேதான் பொல்லாதது. 180 டிகிரி திரும்பினால் மட்டும் போதாது, ஓடுபாதைக்கு நேராக வர அதற்கும் மேல் திரும்ப வேண்டும். உயரத்தை இழக்காமல் 45 டிகிரி சாய்ந்து திரும்பும்போது ஸ்டால் ஆகும் வேகம் சுமார் 19 சதவீதம் கூடிவிடுகிறது, 60 டிகிரி சாய்ந்தால் 41 சதவீதம். வேகம் குறைந்துகொண்டே வரும் விமானத்தில் ஸ்டால் வேகத்தை நாமே ஏற்றிவிடுகிறோம். கண்ணோ பின்னால் இருக்கும் ஓடுபாதை மேல்.

1997: மான்டெரே கடற்கரை

இந்தக் கவனச் சிதறலை அங்குலம் அங்குலமாகப் பார்க்க ஒரு விபத்து போதும் என்றால், நான் 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவில் நடந்ததைத்தான் சொல்வேன். அதில் இறந்தவர் புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர். வயது 53. தந்தை அமெரிக்க விமானப்படையில் விமானியாக இருந்தவர். டென்வரும் 2,700 மணி நேரத்துக்கும் மேல் பறந்திருந்தார். ஆனால் அன்று ஓட்டிய லாங்-ஈஸி என்ற இரண்டு இருக்கை விமானம் அவருக்குப் புதிது. முந்தைய நாள்தான் அரை மணி நேரம் போல அதில் பழக்கிக் காட்டியிருந்தார்கள்.

லாங்-ஈஸி பர்ட் ருட்டான் வடிவமைத்தது. வரைபடத்தை வாங்கி ஆர்வலர்கள் தாங்களே வீட்டில் கட்டிக்கொள்ளும் வகை. இன்ஜினும் புரொப்பெல்லரும் பின்பக்கம் இருக்கும், கண்ட்ரோல் ஸ்டிக் விமானியின் வலப்பக்கத்தில். பெட்ரோல் டாங்க் இரண்டு. எந்த டாங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் போக வேண்டும் என்று மாற்ற ஒரு வால்வு உண்டு. வரைபடப்படி அந்த வால்வின் கைப்பிடி விமானியின் இரு கால்களுக்கு நடுவே வர வேண்டும். இந்த விமானத்தைக் கட்டியவர், விமானி உட்காரும் இடத்துக்குள் பெட்ரோல் வரக் கூடாது என்று கருதி, அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார். கைப்பிடியில் எந்தப் பக்கம் எந்த டாங்க் என்ற குறி கிடையாது. பெட்ரோல் அளவைக் காட்டும் குழாய்களும் விமானியின் முதுகுக்குப் பின்னால் இருந்தன, அவற்றிலும் அளவுக்கோடு இல்லை.

கிளம்புவதற்கு முன் டென்வரும் ஒரு பராமரிப்புத் தொழில்நுட்பரும் இந்தக் கைப்பிடியைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டவில்லை. வைஸ்-கிரிப் பிளையர் ஒன்றை மாட்டி நீளமாக்கிப் பார்த்தார்கள், சரிவரவில்லை. பறக்கும்போது டாங்க் மாற்ற வேண்டிவந்தால் ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டு மாற்றிக்கொள்கிறேன் என்று டென்வர் சொன்னார். பின்னால் இருக்கும் அளவைப் பார்க்க ஒரு சின்ன ஆய்வுக் கண்ணாடியைத் தொழில்நுட்பர் கொடுத்தார். வலது டாங்கில் பாதிக்கும் குறைவு, இடது டாங்கில் கால் பங்குக்கும் குறைவு என்று தன் மதிப்பையும் சொன்னார். பெட்ரோல் போட்டுக்கொள்ள டென்வர் விரும்பவில்லை, ஒரு மணி நேரம் போலத்தான் பறக்கப்போகிறேன் என்றார்.

மாலை 5 மணிக்குச் சற்றுப் பிறகு கிளம்பினார். சில முறை ஓடுபாதையைத் தொட்டுத் தொட்டு ஏறிப் பழகினார். பிறகு கடற்கரை ஓரமாகப் போனார். பசிஃபிக் குரோவ் என்ற ஊரின் கரையோர வீடுகளுக்கு மேலே சுமார் 350 முதல் 500 அடி உயரத்தில் விமானம் வந்ததைப் பலர் பார்த்தார்கள். வெடித்தது போன்ற ஒரு சத்தமும், இன்ஜின் ஓசை சட்டென்று அடங்கியதும் சிலர் காதில் விழுந்தன. விமானம் செங்குத்தாகச் சாய்ந்து, மூக்கு குத்தியபடி கடலில் விழுந்தது.

இப்போது அந்தக் கைப்பிடியைத் திருப்ப என்னென்ன செய்ய வேண்டும் என்று பாருங்கள். வலது கையைக் கண்ட்ரோல் ஸ்டிக்கிலிருந்து எடுக்க வேண்டும். தோள் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். மேல் உடம்பை இடப்பக்கம் 90 டிகிரி திருப்ப வேண்டும். அப்புறம்தான் கை கைப்பிடியில் படும். விசாரணையில் ஒரு விமானியை இதே போன்ற அமைப்பில் உட்காரவைத்துச் செய்யச் சொன்னபோது ஒன்று கண்ணில் பட்டது: உடம்பை அப்படித் திருப்பும் ஒவ்வொரு முறையும், முட்டுக்கொடுக்க அவருடைய வலது கால் தானாகவே நீண்டு மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் வலது ரடர் பெடலை அழுத்தியது. கை இன்ஜினுக்கு உதவப் போகிறது, கால் விமானத்தைக் கவிழ்க்கிறது. செய்பவருக்கு அது தெரிவதுகூட இல்லை.

அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சொன்ன காரணம் இதுதான்: எரிபொருள் வால்வைத் திருப்ப முயன்றபோது விமானியின் கவனம் விமானத்தை ஓட்டுவதிலிருந்து விலகியது, அறியாமல் வலது ரடரை அழுத்தினார், கட்டுப்பாடு போனது. கிளம்புமுன் பெட்ரோல் நிரப்பாதது, கட்டியவர் கைப்பிடியை எட்டாத இடத்தில் வைத்தது, குறி இல்லாத வால்வும் அளவுமானிகளும், அந்த விமான வகையில் போதாத பயிற்சி ஆகியவற்றையும் வாரியம் சேர்த்தே எழுதியது. நான் இந்த இரண்டாவது பட்டியலைத்தான் மிக முக்கியமாக நினைக்கிறேன். கவனம் சிதறியது கடைசிச் சில விநாடிகளில். அதற்கான ஏற்பாடெல்லாம் தரையிலேயே, நல்ல வெளிச்சத்தில், அவசரமே இல்லாத நேரத்தில் நடந்துவிட்டது. ஆகாயத்தில் அவரால் செய்ய முடிந்தது ஒன்றே: கைப்பிடியை மறந்துவிட்டு, மூக்கைத் தாழ்த்தி, இறக்கைகளை மட்டமாகப் பிடித்துக் கடலில் இறங்குவது. உயிர் தப்புவதற்கு உறுதி எதுவும் இல்லைதான். ஆனாலும் அதில் வாய்ப்பு இருந்தது.

ஆட்டோபைலட்டை நம்புவது பற்றியும் ஒரு வார்த்தை. உயரத்தைப் பிடித்துக்கொள் என்று ஆட்டோபைலட்டுக்குச் சொல்லியிருக்கும்போது இன்ஜின் நின்றால், அது சொன்ன சொல் தவறாமல் உயரத்தைக் காக்கப் பார்க்கும். அதற்காக மூக்கை மேலே, இன்னும் மேலே என்று தூக்கிக்கொண்டே போகும். வேகம் கரைந்து ஸ்டால் வரை கொண்டுபோய் விட்டுவிடும். கையை விடுவித்துக்கொள்ள அதைப் போட்டிருக்கும் விமானி, கோளாறு வந்ததும் முதலில் அது எந்த வேலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பாதி செத்த இன்ஜின்

இன்ஜின் முழுதாக நிற்பதைவிடப் பாதி சக்தியோடு முக்கி முனகிக்கொண்டு ஓடுவது பரவாயில்லை என்றுதானே தோன்றும்? ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு ஆணையம் 2000 முதல் 2010 வரை தனக்கு வந்த தகவல்களை எடுத்துப் பார்த்தது. ஒற்றை இன்ஜின் விமானங்கள் கிளம்பியதும் சக்தி ஓரளவு குறைந்த நிகழ்வுகள் 242, இன்ஜின் முழுதாக நின்றவை 75. முழுதாக நின்றவற்றில் ஒன்றில்கூட உயிரிழப்பு இல்லை. ஓரளவு குறைந்தவற்றில் ஒன்பது விபத்துகளில் ஆட்கள் இறந்திருந்தார்கள்.

காரணம் மனித மனத்தில் இருக்கிறது. முழுதாக நின்றுவிட்டால் தேர்வு செய்ய எதுவும் இல்லை, எதிரே இருக்கும் நிலத்தில் இறங்க வேண்டியதுதான், அதற்குப் பயிற்சியும் உண்டு. பாதி ஓடினால் நம்பிக்கை ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்னும் கொஞ்சம் த்ராட்டில் (இன்ஜின் சக்தியைக் கூட்டும் குமிழ்) கொடுத்தால் வந்துவிடும், ஓடுபாதைவரை இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்று மனம் பேரம் பேசுகிறது. கண் இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள்ளிலேயே நிற்கிறது. வேகமுள் அதற்குப் பக்கத்தில் இறங்கிக்கொண்டே வருகிறது.

பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குள் பனி பிடிப்பது இதற்கு நல்ல உதாரணம். வெளியே 25 டிகிரி வெப்பம் இருக்கும் நாளிலும், காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருந்தால் கார்புரேட்டரின் குறுகிய வாய்க்குள் வெப்பம் பல டிகிரி குறைந்து பனி உறையும். இன்ஜின் மெல்ல மெல்லச் சக்தி இழக்கும், பிறகு நடுங்க ஆரம்பிக்கும். மருந்து சுலபம்: கார்ப் ஹீட் குமிழை முழுதாக வெளியே இழுத்தால் சூடான காற்று போய்ப் பனியை உருக்கும். ஆனால் உருகிய நீர் இன்ஜினுக்குள் போகும்போது, நடுக்கம் முதலில் கூடுதலாகும். அந்த அறிவு இல்லாத விமானி, ஐயோ இன்னும் கெட்டுவிட்டது என்று குமிழைத் திரும்ப உள்ளே தள்ளிவிடுவார். பிறகு வேறொன்றைத் தொடுவார், அதற்கப்புறம் இன்னொன்று. எது எதனால் ஆகிறது என்றே தெரியாத ஒரு குழப்பத்துக்குள் அவர் முழுதாக மூழ்கிவிடுவார். கார்ப் ஹீட்டை இழுத்துவிட்டு, கண்ணை வெளியே வைத்துக்கொண்டு, அரை நிமிடமோ ஒரு நிமிடமோ பொறுத்திருப்பதுதான் அங்கே செய்ய வேண்டியது.

ஆள் அதிகம் இருந்தாலும் இதே கதை

தனியாகப் பறப்பவர்களுக்கு மட்டும்தான் இப்படி ஆகும் என்று நினைக்க வேண்டாம். 1972 டிசம்பர் 29 அன்று ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் 401ஆம் எண் விமானம் மியாமியில் இறங்க வந்தது. முன்சக்கரம் கீழே இறங்கிப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் விளக்கு எரியவில்லை. ஆட்டோபைலட்டில் 2,000 அடியில் விட்டுவிட்டு, காக்பிட்டில் இருந்த அனுபவசாலிகள் அத்தனை பேரும் அந்தச் சின்ன பல்பில் இறங்கிவிட்டார்கள். எப்போதோ கண்ட்ரோலில் தெரியாமல் அழுத்தம் பட்டு, உயரத்தைப் பிடித்திருந்த ஏற்பாடு விடுபட்டது. விமானம் மெதுவாக இறங்கியது. உயரம் மாறுகிறது என்று மணியோசை எழுந்தும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இருட்டில், எவர்கிளேட்ஸ் சதுப்பில் மோதியது. 176 பேரில் 101 பேர் இறந்தார்கள். முன்சக்கரம் சரியாகத்தான் இறங்கியிருந்தது, பல்புதான் ஃபியூஸ் போயிருந்தது.

அந்த விபத்தும் அதைப் போன்ற சிலவும்தான், கோளாறு வந்தால் ஓட்டுபவர் ஒருவர், கோளாறைப் பார்ப்பவர் இன்னொருவர் என்று வேலையைத் தெளிவாகப் பிரிக்கும் பழக்கத்தைப் பெரிய விமானங்களில் வேரூன்றச் செய்தன. 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் பறவைகள் மோதி இரண்டு இன்ஜினும் போன ஏர்பஸ்ஸில் கேப்டன் சல்லன்பெர்கர் ஓட்டுவதை எடுத்துக்கொண்டார், துணை விமானி ஸ்கைல்ஸ் செக்லிஸ்ட்டை எடுத்துக்கொண்டார். ஹட்சன் ஆற்றில் இறங்கிய 155 பேரும் பிழைத்தார்கள். சிறு விமானத்தில் அந்த இரண்டாவது ஆள் இல்லை. இரண்டு வேலையையும் ஒருவரே செய்ய வேண்டியிருப்பதால், எது முதலில் என்ற வரிசை அவருக்கு உயிர் மாதிரி.

வரிசை

ஏவியேட், நாவிகேட், கம்யூனிகேட் என்று மூன்று சொற்களில் அதைப் பயிற்சிப் பள்ளிகளில் மனப்பாடம் செய்யவைக்கிறார்கள். முதலில் விமானத்தை ஓட்டு, பிறகு எங்கே போவது என்று பார், அதன் பிறகு பேசு.

ஓட்டு என்றால், செஸ்னா 172 விமானியைப் பொறுத்தவரை: மூக்கைத் தேவையான அளவுக்குத் தாழ்த்தி, 65 அல்லது 68 நாட் என்று அந்த மாடலின் கிளைடு வேகத்தைப் பிடித்து, அந்த வேகத்துக்கு டிரிம் செய்வது. டிரிம் செய்வதைப் பலர் தவறவிடுகிறார்கள். டிரிம் செய்துவிட்டால் கவனம் ஒரு நொடி நழுவினாலும் விமானம் தன் வேகத்தைத் தானே காக்கும். அடுத்து இடம். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறது, எந்த வயல் நீளம், மின்கம்பி எங்கே ஓடுகிறது என்று பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை நோக்கித் திரும்ப வேண்டும். கடைசி நேரத்தில் இன்னும் நல்ல வயல் கண்ணில் பட்டது என்று மாற்றுவது, ஏற்கனவே குறைந்துவிட்ட உயரத்தில் இன்னொரு திருப்பத்தைக் கேட்கும்.

இதெல்லாம் ஆன பிறகுதான் இன்ஜின் பக்கம் கை போக வேண்டும். அதுவும் தேடித் தேடி அல்ல, பழகிய தடத்தில். பழைய செஸ்னா 172இல் அந்தத் தடம் தரையிலிருந்து தொடங்கும்: இரண்டு இருக்கைக்கும் நடுவே தரையில் எரிபொருள் தேர்வுத் திருகு, அது இரண்டு டாங்குக்கும் பொதுவான இடத்தில் நிற்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். அங்கிருந்து மேலே, பெட்ரோல்-காற்றுக் கலவையை மாற்றும் சிவப்பு மிக்ஸ்சர் குமிழ், முழுதாக உள்ளே. அடுத்து த்ராட்டில். அதன் பக்கத்தில் கார்ப் ஹீட், வெளியே இழுக்க வேண்டும். பிறகு இடப்பக்கம் நகர்ந்து இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னட்டோவின் சாவி, இன்ஜினைக் கிளப்பும் முன் கையால் பெட்ரோல் செலுத்தும் பிரைமர் பூட்டியிருக்கிறதா என்ற சோதனை. ஒவ்வொன்றைத் தொட்ட பிறகும் ஒரு முறை வேகமுள், ஒரு முறை வெளியே வயல். பழகியவர்களுக்கு இந்தச் சுற்று சில விநாடிகளில் முடிந்துவிடும். செக்லிஸ்ட் அட்டையை எடுத்து நிதானமாக வாசிப்பது உயரம் மிச்சமிருந்தால் மட்டும். 1,000 அடியிலிருந்து தரைக்கு ஏறக்குறைய 80 விநாடிகள்தான். அந்த உயரத்துக்கு வந்துவிட்டால் இன்ஜினை மறந்துவிட்டு இறங்குவதை மட்டும் பார் என்று சொல்லும் பயிற்றுநர்கள் சரியாகவே சொல்கிறார்கள். மிச்சமிருக்கும் கைவேலை தீப்பிடிக்காமல் பார்ப்பது: மிக்ஸ்சரையும் பெட்ரோலையும் மேக்னட்டோவையும் அணைப்பது, கதவுத் தாழ்ப்பாளை விடுவிப்பது, இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப்பை இறக்கிய பிறகு, மொத்த மின்சாரத்துக்குமான மாஸ்டர் சுவிட்சை அணைப்பது. அதன் ஃபிளாப் மின்சாரத்தில் ஓடுவதால் மாஸ்டர் கடைசியில்தான்.

பேசுவது மூன்றாவதாக இருப்பது பலருக்கு வியப்பாக இருக்கும். தரையிலிருந்து ரேடியோவில் வழிகாட்டும் கண்ட்ரோலர் உதவத்தானே இருக்கிறார்? இருக்கிறார். ஏற்கனவே பேசிக்கொண்டிருக்கும் அலைவரிசையிலோ 121.5 என்ற அவசர அலைவரிசையிலோ மேடே என்ற ஆபத்து அழைப்பைச் சொல்லி, ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் 7700 என்ற ஆபத்துக் குறியை வைத்தால் தேடி வர ஆட்கள் கிளம்புவார்கள். ஆனால் அவரால் இறக்கையைத் தாங்க முடியாது. எத்தனை பேர் இருக்கிறீர்கள், எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று அவர் கேட்பது நியாயமான கேள்விதான். கை ஓயாத நேரத்தில் பதில் சொல்லாமல் இருப்பதும் அதே அளவு நியாயம். ஸ்டாண்ட்பை (பொறுங்கள்) என்ற ஒரு சொல் போதும், அதுகூட இல்லாவிட்டாலும் குற்றமில்லை. ரேடியோ எப்படிச் சிந்தனை இழையை அறுத்துவிடும் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த 1989 ஜனவரி 8 கெக்வொர்த் விபத்தைப் பாருங்கள். பிரிட்டிஷ் மிட்லண்ட் போயிங் 737இன் விமானிகள், கெட்டுப்போன இன்ஜினுக்குப் பதிலாக நன்றாக இருந்த இன்ஜினை அணைத்துவிட்டார்கள். நாம் உண்மையில் என்ன அறிகுறிகளைக் கண்டோம் என்று கேப்டன் ஒரு கட்டத்தில் திரும்ப யோசிக்கத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து ரேடியோவில் ஒரு தகவல் வந்தது. விட்ட யோசனையை அவர்கள் மறுபடி எடுக்கவே இல்லை. 47 பேர் இறந்தார்கள்.

இன்ஜினே கெடாமல் கவனத்தை மட்டும் கெடுக்கும் சில்லறை விஷயங்களும் உண்டு. சரியாகச் சாத்தாத கதவு கிளம்பியதும் படாரென்று திறந்துகொள்ளும். காற்று இரையும், தாள்கள் பறக்கும், கேட்கவே பயமாக இருக்கும். பெரும்பாலான சிறு விமானங்கள் கதவு சற்றுத் திறந்தபடியே ஒரு சுற்று சுற்றி வந்து பத்திரமாக இறங்கிவிடும். அதை எட்டிச் சாத்தப் போய்க் கட்டுப்பாட்டை இழந்து இறந்தவர்கள் இருக்கிறார்கள்.

தரையிலேயே செய்ய வேண்டியது

அவசரத்தில் யோசிக்க வேண்டியவை எவ்வளவு குறைகின்றனவோ, அவ்வளவு கவனம் ஓட்டுவதற்கு மிச்சமாகும். இதற்கு நல்ல பயிற்சி ஒன்று உண்டு. நிறுத்திவைத்த விமானத்தில் உட்கார்ந்து, கண்ணைக் கட்டிக்கொண்டு, பயிற்றுநர் பெயர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு குமிழையும் திருகையும் கையால் தொட்டுக் காட்டுவது. பெல்ட் போட்டபடியே எட்டுகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். எட்டாத ஒன்று இருந்தால் அது பறக்கத் தகுதியில்லாத விமானம் என்பதே என் முடிவு. இருக்கையை நகர்த்தியோ, மெத்தை வைத்தோ, மெக்கானிக்கைக் கூப்பிட்டோ சரிசெய்த பிறகுதான் அடுத்த பேச்சு.

விமானம் மாறும்போது இது இன்னும் முக்கியம். செஸ்னா 172இல் இரண்டு டாங்கிலிருந்தும் ஒன்றாக எடுக்கும் நிலை இருக்கிறது. பைப்பர் செரோக்கியில் அது இல்லை. இடது அல்லது வலது என்று ஒன்றைத்தான் வைக்க முடியும், திருகு விமானியின் இடப்பக்கச் சுவரில் முழங்காலுக்கு அருகே இருக்கும், நேரம் பார்த்து மாற்றிக்கொண்டே வர வேண்டும். செஸ்னாவில் பழகியவர் மாற்ற மறந்தால், ஒரு டாங்க் நிறைய பெட்ரோலோடு இன்ஜின் நின்றுபோகும். அமெரிக்காவில் 2011 முதல் 2015 வரையிலான ஆண்டுகளில் எரிபொருளைக் கவனிக்காததால் மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக 50க்கு மேற்பட்ட விபத்துகள் நடந்ததாக அந்நாட்டுப் பாதுகாப்பு வாரியம் எச்சரித்தது. இவ்வளவு பேசிய கவனச் சிதறலுக்கு வாய்ப்பே தராமல் இருக்க மிக மலிவான வழி, கிளம்புமுன் டாங்க் மூடியைத் திறந்து அளவுகோலை விட்டுப் பார்ப்பது.

கிளம்பும்போது என்ன செய்வது என்பதையும் ஓடுபாதையில் ஓடத் தொடங்கும் முன்பே வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறார்கள். சக்கரம் தரையில் இருக்கும்போது இன்ஜின் தடுமாறினால் த்ராட்டிலை இழுத்துப் பிரேக் போடுவேன். ஏறியபின் இத்தனை அடிக்குக் கீழே நின்றால் மூக்கைத் தாழ்த்தி எதிரே, கொஞ்சம் இடமோ வலமோ, இறங்குவேன், திரும்ப மாட்டேன். இன்று காற்று இடமிருந்து வீசுகிறது, அந்தப் பக்கம் இருக்கும் திடல்தான் என் இடம். தனியாகப் பறப்பவரும் இதைச் சத்தமாகவே சொல்வது நல்லது.

அவரோடு போகிறவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. சிறு விமானத்தில் விருந்தாளியாக ஏறினால், கதவையும் பெல்ட்டையும் எப்படித் திறப்பது என்று கிளம்புமுன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இன்ஜின் சத்தம் மாறினால் என்ன ஆச்சு என்று விமானியின் தோளைப் பிடித்து உலுக்காதீர்கள், செல்போனை அவர் முன் நீட்டாதீர்கள், கண்ட்ரோலில் கால் கை படாமல் ஒதுங்கி உட்காருங்கள். தோள் பெல்ட்டை இறுக்கிக்கொள்ளுங்கள். அவர் செக்லிஸ்ட்டை வாசிக்கச் சொன்னால் ஒவ்வொரு வரியாக, அவர் சரி என்ற பிறகு அடுத்த வரியாக வாசியுங்கள். கதவுத் தாழ்ப்பாளை விடுவிக்கச் சொன்னால் உடனே செய்யுங்கள். மற்ற கேள்விகளைத் தரையில் கேட்டுக்கொள்ளலாம்.